ஒத்தைத்தோள் வீடு

மரப்பெட்டியின் மூடியைக் கழற்றி வைக்கோலை விலக்கியதும் கூட்டம் ஒரே குரலில் "தாயே" என்றது.

கோயில்காரர் அரங்கநாதன் மட்டும் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, முதுகு வளையாமல் பெட்டிக்கு எதிரே நின்றார்.

நெடுங்காலம் முன்பே கடல் கடந்து போயிருந்த இந்த ஐம்பொன் அம்மனை மீட்டு, செஞ்சிக்குக் கொண்டுவந்திருந்தவர் இன்ஸ்பெக்டர் மோனிகா. இந்தத் தெருக் கோயிலின் உற்சவ அம்மன் இவள்தான், உள்ளே இருப்பது நகல் என்பது போலீஸ் தரப்பு. கோயில்காரர் அடையாளம் காட்டினால் அம்மன் இங்கேயே இருப்பாள். இல்லையென்றால் மறுபடியும் பெட்டி, அரசாங்கக் காப்பறை.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

கோயில் சாவி எந்தக் காலத்திலும் அரங்கநாதன் வீட்டைத் தாண்டியதில்லை. ஆகவே, இவள் நிஜமென்றால் திருடியது அவரைப் பெற்ற நைனா. தெருவில் ஒருவரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

"கண்ணு ஏமாத்தும் மேடம். எங்க அம்மா யாருன்னு எங்க கைக்குத் தெரியும். தூக்கிப் பாத்துட்டுச் சொல்றேன்."

அது வெறும் பேச்சில்லை. ஆடித் திருவிழாவில் அம்மனை ஒற்றை ஆளாகத் தூக்கிப் பல்லக்கில் வைப்பது அந்த வீட்டின் உரிமை. நைனா தூக்கினார். அவருக்குப் பின் இவர். வேறு யார் கையும் அம்மன்மேல் படக்கூடாது. பஸ் ஸ்டாண்டில் 'ஒத்தைத்தோள் வீடு' என்றால் போதும், ஆட்டோக்காரன் வாசலிலேயே கொண்டுவந்து இறக்குவான். போன ஆடியில்கூட மூச்சு வாங்காமல் தூக்கி வைத்தார்.

குனிந்து பீடத்துக்கு அடியில் கையைக் கொடுத்தார். அப்போதுதான் அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார். சிரிக்கப் போகிறாளா, அதட்டப் போகிறாளா, தெரியவில்லை. உடம்பு சிலிர்த்தது.

தூக்கினார்.

அசையவில்லை.

காலை அகட்டி, பல்லைக் கடித்து, மறுபடியும் தூக்கினார். கோட்டை நிற்கும் ராஜகிரியின் அடியில் கையைக் கொடுத்து மலையை எழுப்பப் பார்ப்பதுபோல இருந்தது.

"இன்னா பெருசு, காலைல களி துன்னலியா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

தம்பி பெரியதம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. அண்ணன் காதருகே குனிந்தான். "உன்னாலயே தூக்க முடியலியே! அப்ப இது நம்ம அம்மா இல்லண்ணே. சொல்லிட்டு வா, ஊட்டுக்குப் போலாம்."

சொல்லிவிடலாம். ஊரே நம்பும்.

மோனிகா காத்திருந்தார்.

அரங்கநாதன் கையை எடுக்கவில்லை. அந்தக் கனம் விரல் வழியாக ஏறித் தோளுக்கு வந்தது. எத்தனையோ ஆடியாக அவர் தூக்கியவளிடம் இப்படியொரு கனம் இருந்ததில்லை.

ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. பெரியதம்பி பிறப்பதற்கு முன்னால். அன்றெல்லாம் மூலைக்கு ஒருவராக நான்கு பேர் சேர்ந்து, சத்தம் போட்டு மூச்சைப் பிடித்துத்தான் அம்மனை எழுப்புவார்கள்.

பிறகு ஓர் ஆடியில் நைனா, "யாரும் தொடாதீங்க, இனிமே நானே பாத்துக்கறேன்" என்று எல்லாரையும் விலக்கிவிட்டு, தன்னந்தனியாக அம்மனைத் தோளில் ஏற்றினார். தெருவே அவர் காலில் விழுந்தது. கூட்டத்தில் நின்ற சின்னப் பையன் அரங்கநாதனும் விழுந்தான்.

இப்போதும் அவர் தலை தாழ்ந்தது. நைனாவை நினைத்து இல்லை. எதிரே இருந்தவள் இத்தனை காலம் கழித்து, ஒரு வார்த்தை பேசாமல், எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள்.

அரங்கநாதன் கைகூப்பினார். பிறகு நிமிர்ந்து, தம்பியின் முகத்தைப் பார்க்காமல், கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"நாலு பேரு வாங்கப்பா. அம்மாவ உள்ள எடுத்துட்டுப் போவணும்."