சம்பந்தி கேட்ட நிறம்

“எனக்கு ரோஸ் கலர்தான் வேணும்.”

கடைக்காரம்மா எடுத்துப் போட்ட நீலப் பட்டை ஒதுக்கித் தள்ளினாள் நாரேவின் வருங்கால மாமியார்.

கல்யாணத்துக்கு ஹான்போக் என்கிற கொரியப் பட்டு உடுப்பு வாடகைக்குத் தரும் கடை அது. கடைக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்னங்கம்மா, விளையாடறீங்களா? ரோஸ் பொண்ணைப் பெத்தவங்களுக்கு. பையனைப் பெத்தவங்க நீலம்தானே போடுவாங்க?”

“தெரியும். எனக்கு ரோஸ் எடுங்க.”

நாரேவுக்குப் பேசவே தெம்பில்லை. பல் ஆஸ்பத்திரி வேலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு நேரே இங்கே வந்திருந்தாள். நடுவில் பூக்காரர் நாலு தடவை போன் பண்ணிவிட்டார். மண்டபத்து மேனேஜரோ, சொன்ன நேரத்துக்கு மேடையைக் காலி பண்ணவேண்டும், அடுத்த கல்யாணம் இருக்கிறது என்று அதையே பாடிக்கொண்டிருந்தார்.

ஏற்பாட்டுக்கு ஆள் வைக்க வசதியில்லை. பத்திரிகையை அவளே வரைந்தாள். மேடை எப்படி இருக்கவேண்டும் என்பதையும் அவளேதான் யோசித்தாள்.

மேடை முழுக்க வெளிர் ரோஸ் பூ. அதற்கு ஒரே காரணம் அம்மாதான். வழக்கப்படி சம்பந்தியம்மாக்கள் இருவரும் கைகோத்து நடந்து வந்து மெழுகுவத்தி ஏற்றும்போது, அந்தப் பூக்களுக்கு நடுவில் அம்மா ரோஸ் பட்டில் நிற்கவேண்டும். அப்பா போனதிலிருந்து சாம்பல் நிறத்தைத் தவிர வேறெதையும் தொடாத அம்மா.

“அத்தை, நீங்க ரோஸ் போட்டா எங்கம்மா என்ன போடுவாங்க?”

“நீலம் போடட்டுமே. கடிக்குமா என்ன?”

வெளியே வந்து கி-தேவுக்குப் போன் பண்ணினாள். மாப்பிள்ளை பாவம், பெருமூச்சுதான் விட்டான்.

“எங்கம்மா மார்க்கெட்ல மீன் விக்கறவங்க. அவங்ககிட்ட பேரம் பேசி இந்த போஹாங் ஊர்ல யாரும் ஜெயிச்சதில்லை. விட்டுடேன், ஒரு துணிதானே?”

அவனுக்குத் துணிதான்.

வீட்டில் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டு நிமிரக்கூட இல்லை.

“அதுக்கென்ன, நான் நீலமே போட்டுக்கறேன்.”

“ஏம்மா எல்லாத்துக்கும் விட்டுக்குடுக்கறே? அப்பா இருந்திருந்தா அவங்க இப்படிக் கேட்டிருப்பாங்களா?”

அம்மாவின் கை நின்றது.

“கேட்டிருக்க மாட்டாங்கதான்” என்றாள் மெதுவாக. “சரி, நீ போய்ப் படு. விடியக்காலை ஜெபத்துல உன் கால் வீக்கம் வடியணும்னுதான் தினமும் கேட்டுக்கிட்டிருக்கேன். நீ வீங்க வெச்சுக்கிட்டே வர்றே.”

“நாளைக்குப் போய் உனக்கொரு நீலம் எடுத்துட்டு வரேன்.”

“அந்த ஒண்ணையாவது என்கிட்ட விடு. நான் பாத்துக்கறேன்.”

சண்டை போடவும் உடம்பில் சத்தில்லை. விட்டுவிட்டாள்.

கல்யாண நாள் வந்தது. மணப்பெண் அறையில் நாரேவை வெள்ளை உடையைப் பரப்பி உட்கார வைத்திருந்தார்கள். கதவு திறந்தே இருந்தது. வாசலில் விருந்தாளிகளை வரவேற்றுக்கொண்டிருந்த மாமியாரின் குரலும், மீன் மார்க்கெட் பெண்களின் குரலும் நன்றாகக் கேட்டன.

“ஏய், கல்யாணம் உன் பையனுக்கா, உனக்கா?”

“பொண்ணோட அம்மா நிறத்தையே பிடுங்கிப் போட்டுக்கிட்டாளே! இந்த வயசுல உனக்கு ரோஸ் கேக்குதா?”

“கல்யாண நூடுல்ஸ் சாப்பிட வந்தோம், கூத்தும் பாத்தாச்சு!”

மாமியார் அசரவில்லை. “நீலம் போட்டா நான் கானாங்கெளுத்தி மீன் மாதிரி இருக்கேன்டி. எவனாவது கூடையில அள்ளிப் போட்டுக்கிட்டுப் போயிட்டா?”

ஒரே சிரிப்பு.

நாரேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கு முடியட்டும், நாளைக்கே முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அம்மா உள்ளே வந்தாள், நீலப் பட்டில்.

“இந்த முடிச்சு நிக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் போட்டு விடேன்.”

நெஞ்சின் மேல் தொங்கிய நாடாவைப் பிடித்து முடிச்சுப் போட்டாள் நாரே. குப்பென்று பாச்சை உருண்டை வாசனை. மடிப்பு விழுந்த இடமெல்லாம் தழும்பு போல் பதிந்திருந்தது.

“அம்மா, இது வாடகைத் துணி இல்லையே?”

அம்மா ஒரு மடிப்பைக் கையால் நீவிவிட்டாள்.

“உங்கப்பா வாங்கினது.”

“அப்பாவா!”

“படுக்கையில விழறதுக்கு முன்னாடி. லாரி ஓட்டிட்டு வர்ற வழியில எங்கேயோ பாத்திருக்கார். ‘பொண்ணு கல்யாணத்துக்கு நான் இருக்கேனோ இல்லையோ, நீ இதைத்தான் போடணும்’னு கையில குடுத்தார். எந்த வீட்டுக்கு எந்த நிறம்னு அவருக்கு எங்கே தெரியும்? கண்ணுக்குப் பிடிச்சுது, வாங்கிட்டார். அந்த முகத்தைப் பாத்து, நிறம் தப்புன்னு சொல்ல எனக்கும் வாய் வரலை.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா!”

“சொன்னா மேடையைக் கலைச்சுட்டு நீலப் பூவுக்கு அலைவே. இருக்கிற அலைச்சல் போதாதா? பெட்டியிலேயே கிடக்கட்டும்னுதான் இருந்தேன். நீங்க கடைக்குப் போனதுக்கு முந்தின நாள், ஒரு தடவை கண்ணால பாத்துட்டு மூடிடலாம்னு விரிச்சு வெச்சேன். அந்த நேரம் பாத்து உங்க அத்தை மீன் குடுக்க வந்தாங்க. கேட்டாங்க, சொல்லிட்டேன்.”

வாசலில் மறுபடியும் சிரிப்புச் சத்தம் எழுந்தது. நாரேவின் கை அந்த நாடாவிலேயே நின்றுவிட்டது.

“அத்தை என்ன சொன்னாங்க?”

“‘அவர் ஆசைப்பட்டதை நீங்க போடுங்க சம்பந்தி. ஆனா நீங்களா நீலத்துல வந்து நின்னா ஊரே உங்களைப் பாத்துச் சிரிக்கும். நான் முந்திக்கிட்டு ரோஸ் கேட்டுடறேன், என்னைப் பாத்துச் சிரிக்கட்டும்’னாங்க.”