மஹ்பூபி சொன்ன படம்

"கூடவே இருந்து குழி பறிச்சிட்டியே. உன்னை நான் சும்மா விடமாட்டேன்."

இருட்டில் ஜோதியின் காதருகே குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் மஹ்பூபி. ஜோதி ஒரு வேர்க்கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, துப்பாக்கிய எடுக்கிறான் பாரு."

ஞாயிற்றுக்கிழமை மேட்னி, ஆம்பூர் தியேட்டரில் இந்திப் படம். செய்யாத குற்றத்துக்கு ஜெயிலுக்குப் போன ஹீரோ, அங்கிருந்து தப்பித்து, தன்னைக் காட்டிக்கொடுத்த நண்பனைப் பழிவாங்கத் தேடி வருகிறான்.

மஹ்பூபி வீட்டில் உருது பேசுகிறவள். அவளுக்கு இந்திப் படம் தண்ணீர் பட்ட பாடு. ஷூ கம்பெனியில் அவளுக்கு அடுத்த தையல் மெஷினில் போன வருஷம்தான் ஜோதி வந்து உட்கார்ந்தாள். ஒடுகத்தூர்காரிக்கு இந்தி எங்கே தெரியப்போகிறது என்று முதல் படத்திலேயே மஹ்பூபி காதோடு காதாகக் கதை சொல்ல ஆரம்பித்தாள். அதுவே பழக்கமாகிவிட்டது.

ஆனால் இன்றைக்கு அவள் சொன்னதில் பாதி படத்தில் இல்லை.

பேரணாம்பட்டில் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு, காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு போட்டிருந்தாள் மஹ்பூபி. விஷயம் ஜோதி ஒருத்திக்குத்தான் தெரியும். எப்படியோ அது மேனேஜர் காதுக்குப் போய், மஹ்பூபிக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது.

நேரே கேட்கலாம்தான். கேட்டால் சண்டை வரும். சண்டை வந்தால் மத்தியானம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது? அதனால்தான் ஹீரோவின் வாயால் கேட்டுவிடுவது என்று டிக்கெட் எடுக்கும்போதே முடிவு செய்திருந்தாள்.

திரையில் ஹீரோ ஓடுகிற ரயிலின் கூரைமேல் நின்றபடி, செத்துப்போன தன் அம்மாவை நினைத்துக் கதறினான்.

"இன்னாக்கா சொல்றான்?"

"'உன்னண்ட மட்டும்தானே சொன்னேன். எனக்கு வரவேண்டிய பதவி உன்னாலதானே போச்சு'ன்னு கேக்கறான்."

"ஜெயில்லேர்ந்து ஓடி வந்தவனுக்கு இன்னாக்கா பதவி?"

"அதுக்கு முன்னாடி இருந்துச்சு. நீ கடலை வாங்கப் போயிருந்தே."

"ரயில் மேல நின்னுகினா அதக் கேப்பான்?"

"ரோஷக்காரன். எங்க நின்னா இன்னா."

ஜோதி தலையாட்டிக்கொண்டாள். திரையில் ஒரு குண்டு ஏட்டு வந்து ஏதோ சொன்னான். தியேட்டர் சிரித்தது, மஹ்பூபி வாயைத் திறப்பதற்குள் ஜோதியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கூட்டத்தோடு கோவிந்தா போடுகிறாள் என்று மஹ்பூபிக்கு எரிச்சலாக இருந்தது.

"சிரிச்சது போதும். இப்ப சொல்லு. அந்த தோஸ்த் செஞ்சது துரோகமா, இல்லியா?"

ஜோதி மடியில் கிடந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டாள்.

"துரோகம்தான்க்கா. ஆனா அவன் வேணும்னு சொல்லியிருக்க மாட்டான். பெரிய எடத்துல இருக்கறவன் எவனாச்சும் நைசாப் பேசி வாயைப் புடுங்கியிருப்பான். சொல்லி முடிச்சப்புறம்தான் இவனுக்கே ஒறைச்சிருக்கும். அன்னிலேர்ந்து பாவம், சோறு தண்ணி எறங்காம கெடப்பான்."

திரையில் அந்தப் பாவப்பட்டவன் நீச்சல் குளத்தருகே உட்கார்ந்து ஒரு முழுக்கோழியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

மஹ்பூபி ஜோதியைத் திரும்பிப் பார்த்தாள். திரை வெளிச்சத்தில் அவள் கண்ணோரம் ஈரமாக இருந்தது. பத்து நாளாக டப்பாவைத் திறந்ததும் பசியில்லை என்று மூடி வைக்கிறாளே, அது ஞாபகம் வந்தது. தனக்கே தெரியாமல் இவள் தன் கதையைச் சொல்கிறாள் என்று மஹ்பூபிக்குத் தோன்றியது. இத்தனை நாள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது கொஞ்சம் இளகியது.

கிளைமாக்ஸ் வந்தது. மொட்டைமாடி, கொட்டும் மழை. நண்பனின் சட்டைக் காலரைப் பிடித்து மாடி விளிம்புக்கு இழுத்துப்போன ஹீரோ, அவன் முகத்துக்கு நேராக நிதானமாக ஒரு வசனம் பேசினான். விசில் காதைப் பிளந்தது.

"இன்னாக்கா சொன்னான்?" ஜோதி அவள் பக்கம் சாய்ந்தாள்.

மஹ்பூபி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"'போனது போவட்டும்டா. பதவி இன்னிக்கு வரும், நாளைக்குப் போவும். நீ எனக்கு தோஸ்த் இல்லியா'ன்றான். மன்னிச்சிட்டான்."

மறுநொடி ஹீரோ நண்பனை மாடியிலிருந்து கீழே தள்ளினான்.

"அப்புறம் ஏன்க்கா தள்ளி வுட்டான்?"

"தள்ளலடி. மழைல, அவனுக்குக் கால் வழுக்கிடுச்சு."

பெயர்கள் ஓடத் தொடங்கின, விளக்குகள் எரிந்தன. மஹ்பூபி எழுந்து புர்காவைச் சரிசெய்துகொண்டாள். ஜோதி எழுந்திருக்கவில்லை. மஹ்பூபியின் கையைப் பிடித்து உட்காரவைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"என் கல்யாணத்துக்கு முன்ன நான் ஆக்ராவுல மூணு வருஷம் ஷூ தச்சவக்கா. ரெண்டு படமும் புரிஞ்சுது."