முத்தழகன் கரை சேர்ந்தான்

பொன்னேரி மார்க்கெட்டில் மீன் விற்று முடித்ததும், கங்கம்மாள் வாரம் தவறாமல் ராஜவேலுவின் டீக்கடைக்கு வருவாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பத்திரிகையில் வரும் 'கடலோடி முத்தழகன்' சித்திரக் கதையை அவன்தான் படித்துச் சொல்வான். மூன்று வருஷமாக வந்த கதைக்கு இன்று கடைசி வாரம்.

"புயல் ஓய்ந்தது. கரையில் காத்திருந்த தாயிடம் முத்தழகன் திரும்பி வந்தான். முற்றும்." படித்துவிட்டு ராஜவேலு பத்திரிகையை அவசரமாக மடித்தான்.

கங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எழுதினவன் கெட்டிக்காரன்பா. குடு, எப்பவும் போல ஊட்டு சுவத்துல ஒட்டிக்கிறேன்."

"டீ கொட்டிடுச்சிக்கா. இது வாணாம்."

அவளே எடுத்துப் பிரித்தாள். கடைசிப் படத்தில் கவிழ்ந்த படகு மட்டும் அலையில் மிதந்தது. கரையில் ஒரு தாய் தனியாக நின்றிருந்தாள்.

ராஜவேலு தலையைக் குனிந்துகொண்டான். போன ஐப்பசிப் புயலில் கடலுக்குப் போன கங்கம்மாளின் மகன் இன்னும் திரும்பவில்லை.

"எனக்கு எழுத்துதான் தெரியாது நைனா. படம் தெரியும்" என்றாள் அவள். பத்திரிகையை மடித்து அவனிடமே நீட்டினாள்.

"ஆனா அவன் எழுதினதவிட நீ படிச்சதுதான் நல்லாகீது. இன்னொரு வாட்டி படி."