மேல் வீட்டு அலறல்

ராக்கெட் இறங்கிய கிரகத்தில் பூதம் மூன்றாவது ஆளை விழுங்கிக்கொண்டிருந்தபோது, ஹெப்சி டீச்சர் ஏறி நின்ற பிளாஸ்டிக் நாற்காலியின் கால் பிளந்தது.

கையில் பிடித்த திரைச்சீலையோடு விழுந்தாள். இடுப்பில் ஏதோ மளுக்கென்றது.

தப்பு அவள்மேல்தான். மொட்டை மாடியில் காய்ந்ததை எடுத்துவந்தவள், படம் முடிந்து மாட்டியிருக்கலாம். இந்த மாதிரிப் படங்களில் பூதம் ஒரு ஆளை விழுங்கவே ஆற அமர நேரம் எடுத்துக்கொள்ளும், அதற்குள் வேலையை முடித்துவிடலாம் என்று நினைத்தாள்.

எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது.

யாரையாவது கூப்பிடலாம் என்று மூச்சை இழுத்தாள். வலி உச்சி வரைக்கும் ஏறியது. வார்த்தை வரவில்லை, வெறும் அலறல்தான் வந்தது.

டிவியிலும் அதேதான் வந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் டீச்சர் வீட்டில் பூதப் படம் ஓடும் என்பது சேலையூரில் அந்த அபார்ட்மென்ட் முழுக்கத் தெரிந்த சங்கதி. ஊர் பேர் தெரியாத பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். ரப்பர் கையுறை மாட்டிய பூதம். அலுமினியத் தட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் அதுதான் பறக்கும் தட்டு. கயிறு கண்ணில் பட்டுவிட்டால் அவளுக்கு இன்னும் குஷி. கையில் காசே இல்லாமல் எவனோ ஆசை ஆசையாக எடுத்திருக்கிறான், பார்க்க ஒரு ஆளாவது வேண்டாமா என்பாள்.

அந்த ஒரு ஆள் அவள் மட்டும்தான். பள்ளிக்கூடத்து டீச்சர்கள் இரண்டு பேரை ஒருமுறை கூட்டிவந்து போட்டுக் காட்டினாள். பஜ்ஜி தீர்ந்ததும் கிளம்பிவிட்டார்கள்.

குடிவந்த புதிதில் முதல் அலறலுக்கே அக்கம்பக்கம் மொத்தமும் தடியும் கம்புமாக ஓடிவந்தது. அவள் பொரிக் கிண்ணத்தோடு வந்து கதவைத் திறந்தாள். டீச்சர் வீட்டில் எந்த அலறல் கேட்டாலும் கண்டுகொள்வதில்லை என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. புதிதாகக் குடிவருகிறவர்களிடம் வாட்ச்மேனே, தண்ணீர் வரும் நேரத்தோடு சேர்த்து, இதையும் சொல்லிவிடுவார்.

கீழ் வீட்டு சுந்தரராமன் சார் மட்டும் ஒருநாள் அவளைப் படிக்கட்டில் நிறுத்தி, சனிக்கிழமைச் சத்தத்தைப் பற்றி என்னவோ இழுத்தார். அவர் முடிப்பதற்குள் அவள் மன்னிப்புக் கேட்டு நழுவிவிட்டாள். அதிலிருந்து அவர் எதிரே வந்தாலே தலையைக் குனிந்துகொள்வாள்.

மறுபடி அலறினாள். கீழே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

இந்தப் படம் முடிந்தால் தானாகவே அடுத்த படம் தொடங்கிவிடும். அதில் ஓநாய் மனிதன். பெருங்களத்தூர் அக்கா நாளைக்கு சர்ச் முடிந்துதான் போன் செய்வாள். அதுவரைக்கும் இப்படியே கிடக்க வேண்டியதுதானா? நினைத்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கர்த்தாவே, யாரையாவது அனுப்பும்.

மாடிக்குப் போய் வந்ததில் தாழ் போடாமல் விட்டிருந்த கதவு படாரென்று திறந்தது.

சுந்தரராமன் சார். பனியனும் வேட்டியுமாக, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நின்றார்.

"அசையாதீங்கோ டீச்சர்" என்றவர், கையோடு ஆம்புலன்ஸுக்கு போன் போட்டார். கேம்ப் ரோட்டில் நெரிசலாம், கொஞ்சம் நேரமாகுமாம். ஒரு துணியை நனைத்து வந்து அவள் நெற்றியைத் துடைத்தார். அப்புறம் சோபாவிலிருந்த ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தவர், டிவியைப் பார்த்து ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டார்.

திரையில் பூதம் நடந்துகொண்டிருந்தது. கம்பளிக்குள் இரண்டு பேர் புகுந்திருப்பது அப்பட்டமாகத் தெரிந்தது.

"இதுவா அது?" என்று தனக்குள் முணுமுணுத்தார். குரலில் ஏமாற்றம்.

ஹெப்சிக்கு அது காதில் சரியாக விழவில்லை. அசையாமல் கிடந்ததில் வலி கொஞ்சம் அடங்கியிருந்தது. பக்கத்தில் வந்து குனிந்தவரின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இந்த மனுஷரைக் கண்டா இத்தனை நாள் ஒளிந்து ஒளிந்து போனோம் என்றிருந்தது.

"படத்துலதான் கத்துறாங்கன்னு எல்லாரும் விட்டுட்டாங்க சார். உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

சுந்தரராமன் சார் கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி தரையைப் பார்த்தார்.

"ராக்கெட் கிளம்பினதுலேர்ந்து கீழே படுத்துண்டு கேட்டுண்டிருக்கேன் டீச்சர். இந்தப் படத்துல லேடீஸே கிடையாதே."

ஹெப்சி அவரையே பார்த்தாள். "ஸ்தோத்திரம்" என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் இடுப்பு மறுபடி சுரீரென்றது.

சத்தத்தைக் கூட்டச் சொன்னாள்.

அவர் கூட்டினார். சோபா காலியாக இருந்தும், அவள் தலைமாட்டில் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் பூதம் எப்படிச் சாகிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது.