நமக்கென்ன வந்தது?

"பக்கத்து நாட்டுல எவன் ஜெயிச்சா நமக்கென்னடா? வேலையப் பாரு!"

தொழிற்சாலைச் செக்கர் கன்னத்தில் விட்ட அறையில் பேக்கிங்காரனின் உதடு கிழிந்து, போனில் ஓடிக்கொண்டிருந்த தேர்தல் செய்தியின் மேல் ரத்தம் சொட்டியது.

"அங்க ஓட்டு எண்ற இடத்துல கலவரமாம்ணே. உங்க பொண்ணு அந்த ஊர்லதானே படிக்குது?"

"அவ ஹாஸ்டல் வாசலைத் தாண்ட மாட்டா. நீ வாயை மூடு!"

பேக்கிங்காரன் முறைத்தான். செக்கர் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினார். அவசர ஆர்டர், சாயங்காலத்துக்குள் லாரி கிளம்பியாக வேண்டும். மறுபடியும் உட்கார்ந்து, சோதித்த ஒவ்வொரு உருப்படியின் அடியிலும் டொக் டொக்கென்று தன் முத்திரையைக் குத்தத் தொடங்கினார்.

அவருடைய போன் அலறியது. மகளின் தோழி.

"அங்கிள், ஜன்னலை உடைச்சிக்கிட்டு வந்து அவ முகத்துல அடிச்சிருச்சு. ஒரு கண்ணு போயிருச்சு அங்கிள்!"

"என்னம்மா சொல்ற? எது அடிச்சுது?"

பதிலுக்குப் படம் வந்தது. ஹாஸ்டல் தரையில், ரத்தத்துக்கு நடுவே, ஒரு கண்ணீர்ப்புகைக் குண்டு கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியில், 'சோதித்தவர்: 41'.

செக்கரின் மேஜையில் கவிழ்த்து வைத்திருந்த குண்டுகள் எல்லாவற்றிலும் அதே 41, இன்னும் மை காயாமல் இருந்தது.