கொட்டகையில் ஒரு கேமரா

குளிர்காலத்துக்கு ஏழு மாடுகளையும் கொட்டகையில் அடைத்ததுமே கோல்மனுக்கும் அவன் மனைவி நோரீனுக்கும் சண்டை தொடங்கிவிடும். அவன் கேல்வே நகரத்துக்குப் பஸ் ஓட்டுகிறான். அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். விடியற்காலையில் யார் தீவனம் போடுவது?

இந்த வருடம் சண்டையே இல்லை.

"இன்னிக்கும் எனக்கு முன்னாடியே போட்டுட்டியே, மகராசி!" என்று டீயை நீட்டினான் கோல்மன்.

"நானா? நீ போடுறேன்னு நெனச்சுத்தானே தினமும் உனக்கு ஆப்பிள் கேக் சுடுறேன்!"

"அப்ப யாரு?"

சினைப்பசுவுக்காக நேற்றுதான் மாட்டிய கேமராவின் பதிவைச் செல்போனில் ஓட்டிப் பார்த்தார்கள். பக்கத்து நிலத்து ஃபெஸ்டி கிழவர், மாடுகளுக்கு எட்டும்படி புல்லைத் தள்ளிக்கொண்டிருந்தார். எல்லைச் சுவர்த் தகராறில் ஒன்பது வருடமாக இவர்களோடு பேசாதவர்.

"இவருக்கு என்ன வந்துச்சு?"

"கால் முடியலைன்னு போன மாசம் தன்னோட மாடுகளை வித்துட்டாரே. மனசு கேக்கல போல" என்றாள் நோரீன்.

கோல்மன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

"ஐயோ, சண்டைக்கா போற?"

"சுவர்ல ஒரு வழி உடைக்கப் போறேன். முடியாத காலோட மனுஷன் ரோட்டைச் சுத்திக்கிட்டு வர்றாரு."