கழுத்துப் பொத்தான்

"20-4-1936. ஒரு பிழை: நேற்று சோறு தாமதம் என்று எழுதினேன். அப்போது மணி பதினொன்றுதான்."

மாலை வகுப்பில் எழுதப் பழகிய நாட்குறிப்பில், தம்பிதுரை தன் மனைவி சுப்பாத்தாளின் குறைகளைத் தேதிவாரியாக எழுதிவந்தான். மறுநாள் அதை மாமனாரிடம் காட்டி, அவளைப் பிறந்த ஊரான சோமனூரிலேயே விட்டுவர எண்ணம்.

விடிந்தும் அவள் எழுப்பாததால் மில்லுக்குத் தாமதம். சித்திரையிலும் ஜன்னலைத் திறந்து அவனைக் குளிரில் வாட்டினாள். சோறு போடுவதற்குள் அவனுக்குக் கைகால் உதறி வேர்த்தது. சட்டையை வெந்நீரில் ஊறவைத்துச் சுருக்கியும்விட்டாள். இன்று கழுத்துப் பொத்தான் மாட்டவில்லை.

"வேற சட்டை எடு!"

புதுச் சட்டை வந்தது. அதுவும் மாட்டவில்லை.

"இதையுமா வெந்நீர்ல போட்ட?"

"அதே அளவுல தெச்சதுங்க, இன்னும் தண்ணியே படலீங்க. ஏனுங்க, உங்க கழுத்துதான் வீங்கியிருக்குது. கையும் நடுங்குது பாருங்க. மொதல்ல இதைத் தின்னுங்க."

அவள் நீட்டிய வெல்லத்தைத் தின்றதும் நடுக்கம் அடங்கியது. நாட்குறிப்பை முதலிலிருந்து புரட்டினான். தூக்கம், குளிர், வேர்வை, நடுக்கம். எல்லாமே அவனுடையவை.

"சோமனூருக்கு மூட்டை கட்டிப்போட்டேனுங்க," என்றாள் சுப்பாத்தாள்.

"பிரிச்சுப் போடு அம்மணி," என்றவன் பேனாவை எடுத்தான்.

"நாளை: இந்த நோட்டை ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்ட வேண்டும். சுப்பாத்தாளையும் அழைத்துப் போக வேண்டும்."